கிராமத்துப் பிரதரன் சபையும் கர்த்தருடைய பந்தியும்: ஒரு சகோதரியின் கேள்விகளுக்குப் பதில்

அன்புள்ள சகோதரிக்கு ஸ்தோத்திரம்.

நெல்லிக்குப்பம் பக்கம் ஆற்காடு லுத்தரன் குடும்பம் ஒன்றில் பிறந்து வளர்ந்து, திருமணத்துக்குப் பின் குறிஞ்சிப்பாடி அருகே ஒரு சிற்றூருக்கு வந்திருக்கும் நீங்கள், அவ்வூரில் உள்ள பிரதரன் சபையைக் குறித்து மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மணியும் கோபுரமும் சிலுவையும் போதக ஐயரும் இல்லாத இந்தச் சபை எங்கிருந்து வந்தது என்பது முதல் கேள்வி. இவர்கள் விசுவாசிப்பது என்ன, இவர்களும் பெந்தெகொஸ்தே சபையாரும் ஒன்றா என்பது இரண்டாவது. குழந்தையிலேயே ஞானஸ்நானமும், பின்னர் விசுவாசத்தை அறிக்கையிடும் திடப்படுத்தலும் பெற்று, பல ஆண்டுகள் கர்த்தருடைய மரணத்தை நினைவுகூர்ந்து அப்பமும் ரசமும் பெறும் இராப்போஜனத்தில் பங்குபெற்று வந்த உங்களை ஞாயிறு காலையில் பின்வரிசையில் உட்காரச் சொல்லி, அப்பமும் பாத்திரமும் உங்களுக்கு வராமல் போனது ஏன் என்பது மூன்றாவது. மூன்றாவது கேள்வியில் உங்கள் மனவருத்தம் தெரிகிறது. அதற்கு அவசரமாக ஒரு வசனத்தைக் காட்டி முடித்துவிடக்கூடாது என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

நான் இத்தகைய கிராமச் சபை ஒன்றில் வளர்ந்தவன். இன்றும் இந்த வட்டாரத்துச் சபைகளில் வேதபாடம் நடத்தி வருகிறேன். என் புரிதலில் உங்கள் மூன்று கேள்விகளும் ஒரே கேள்விதான். இராப்போஜனம் என்ற கர்த்தருடைய பந்தி யாருடையது, அதை எடுத்துக் கொடுக்கும் உரிமை யாருக்கு, அதில் யார் அமரலாம் என்பதே அந்தக் கேள்வி. பிரதரன் சபைகள் தோன்றியதும், பிரிந்ததும், தமிழ்நாட்டில் வேர்பிடித்ததும், இன்று உங்களை வருத்தியதும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

1820களின் பிற்பகுதியில் அயர்லாந்தின் டப்ளின் நகரில் சில இளைஞர்கள் வீடுகளில் கூடி அப்பம் பிட்கத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவர் ஆண்டனி நோரிஸ் குரோவ்ஸ். இங்கிலாந்தில் எக்ஸிட்டர் நகரில் பல் மருத்துவராக நல்ல வருமானத்தோடு இருந்தவர். சம்பாத்தியத்தைச் சேர்த்துவைக்காமல் கர்த்தருடைய வேலைக்கே முழுவதும் கொடுத்துவிட வேண்டும் என்று 1825இல் ஒரு சிறு பிரசுரம் எழுதி, தாமும் அப்படியே செய்தவர். ஆங்கிலிக்கன் சபையின், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையின், குருவாகப் பட்டம் பெறுவதற்காக டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்திருந்த அவர், குருப்பட்டம் இல்லாதவர்கள் பிரசங்கிக்கவோ அப்பம் பிட்கவோ கூடாது என்று வேதத்தில் எங்கும் இல்லை என்ற முடிவுக்கு வந்து, அந்தப் படிப்பையே விட்டுவிட்டார். ஆங்கிலிக்கன் குருவாக இருந்த ஜான் நெல்சன் டார்பி, எட்வர்ட் குரோனின், ஜான் பெல்லட் முதலியோரும் அந்த வட்டத்தில் இருந்தார்கள். 1831 அளவில் இங்கிலாந்தின் பிளிமத் நகரில் உருவான பெரிய கூடுகையை வைத்து, வெளியார் இவர்களைப் ‘பிளிமத் சகோதரர்’ (பிளிமத் பிரதரன்) என்று அழைக்கத் தொடங்கினார்கள். இவர்கள் தங்களுக்கென்று பெயர் எதையும் சூட்டிக்கொள்ளவில்லை. ‘நீங்கள் எல்லாரும் சகோதரராயிருக்கிறீர்கள்’ என்ற மத்தேயு 23:8 போதும் என்பது அவர்கள் எண்ணம்.

எல்லா விசுவாசிகளும் ஆசாரியர்கள் என்பதை 1520இல் மார்ட்டின் லுத்தரே எழுதினார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தப் போதனையைப் பிரசங்க பீடத்தோடு நிறுத்தாமல், இராப்போஜனப் பந்திவரை கொண்டுபோனதுதான் டப்ளினில் நடந்த புதுமை. எல்லாரும் ஆசாரியர்கள் என்றால், அப்பத்தை ஆசீர்வதிக்க ஒரு தனி வகுப்பார் எதற்கு என்று அவர்கள் கேட்டார்கள். இரண்டு மூன்று பேர் கர்த்தருடைய நாமத்தில் எங்கே கூடுகிறார்களோ அங்கே அவர் நடுவில் இருக்கிறார் என்றால், அவருடைய பந்தியை நடத்த இன்னொருவருடைய அனுமதி எதற்கு என்றும் கேட்டார்கள். உங்கள் ஊர்க் கூடத்தில் நீங்கள் காணாத அங்கி, பலிபீடம், சம்பளப் போதகர் ஆகியவை இல்லாமற்போனதற்கு வறுமை காரணமில்லை. இந்தக் கேள்விதான் காரணம்.

குரோவ்ஸ் 1829இல் குடும்பத்தோடு பாக்தாத்துக்குப் போனார். 1831இல் அங்கே பரவிய கொள்ளைநோயில் மனைவி மேரியை இழந்தார். 1833இல் இந்தியாவுக்கு வந்து, தென்கோடிவரை பயணம் செய்து பல மிஷனரிகளைச் சந்தித்தார். இடையில் இங்கிலாந்து சென்று, 1836இல் சிலரைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் சென்னைக்கு வந்தார். அவரோடு வந்த வில்லியம் பவுடன், ஜார்ஜ் பீர் குடும்பத்தார் கோதாவரி டெல்டாவுக்குப் போய் நர்சாபூர், பாலகொல்லு பகுதிகளில் ஊழியம் தொடங்கினார்கள். குரோவ்ஸ் சித்தூரில் குடியேறி, நிலத்தில் உழைத்துப் பிழைத்துக்கொண்டே ஊழியம் செய்ய முயன்றார். அந்த முயற்சியில் கடன்பட்டுத் துன்பமும் பட்டார். 1853இல் பிரிஸ்டலில், அநாதைப் பிள்ளைகளின் இல்லங்களுக்காகப் பெயர்பெற்ற தம் தங்கை கணவர் ஜார்ஜ் முல்லரின் வீட்டில் காலமானார்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் ‘இது வெள்ளைக்காரர் கொண்டுவந்த சபைதானே’ என்று உங்கள் மாமனார் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் இந்தச் சத்தியத்தை நடைமுறையில் காட்டியவர் ஒரு தமிழர். 1810இல் திருநெல்வேலிப் பகுதியில் உக்கிரன்கோட்டையில் பிறந்த ஜான் கிறிஸ்தியான் அருளப்பன், பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயரிடம் கற்றவர். ஜெர்மானியரான ரேனியஸ், ஆங்கிலிக்கன் சபையின் ஒழுங்குகளை விமர்சித்து எழுதியதால் 1835இல் தம்மை அனுப்பிய மிஷனரி சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். ‘அபிஷேகம் செய்ய (குருப்பட்டம் கொடுக்க) அதிகாரம் யாருக்கு’ என்ற கேள்வி அப்போதே திருநெல்வேலியில் பெரும் கொந்தளிப்பாக இருந்தது என்பதை இதிலிருந்து அறியலாம். அருளப்பன் குரோவ்ஸோடு பயணம் செய்தார், அவருக்காக மொழிபெயர்த்தார், அவரோடு வேதத்தை ஆராய்ந்தார். ஆனால் குரோவ்ஸ் மாதம் இவ்வளவு என்று ஒரு தொகை கொடுக்க முன்வந்தபோது மறுத்துவிட்டார். கூலிக்காகப் பிரசங்கிக்கிறான் என்று ஜனங்கள் சொல்லுவார்கள் என்பது அவர் சொன்ன காரணம். 1840இல் வத்திராயிருப்பு அருகே கிறிஸ்தியான்பேட்டை என்ற குடியிருப்பை உண்டாக்கி, அங்கிருந்து சுற்றுக் கிராமங்களுக்கு ஊழியர்களை அனுப்பினார். அங்கே வெளிநாட்டுக் குருவுக்காகக் காத்திராமல் தமிழ் விசுவாசிகள் தாங்களே கூடி அப்பம் பிட்டார்கள்.

1860இல் கிறிஸ்தியான்பேட்டையில் தொடங்கி திருநெல்வேலிக் கிராமங்களில் பரவிய எழுப்புதல் என்ற ஆவிக்குரிய விழிப்பில், பாவ உணர்வடைந்து கதறி அழுதவர்களும், அந்நியபாஷை பேசியவர்களும், தீர்க்கதரிசனம் உரைத்தவர்களும் இருந்தார்கள் என்று அருளப்பனே எழுதிவைத்திருக்கிறார். இன்றைய பிரதரன் சபைகளில் பெரும்பாலானவை அந்நியபாஷை வரம் அப்போஸ்தலர் காலத்தோடு நின்றுவிட்டது என்று போதிக்கின்றன. இதுவே பெந்தெகொஸ்தே சபைகளுக்கும் இவர்களுக்கும் உள்ள பெரிய வேறுபாடு. இந்தப் போதனையை நானும் ஏற்றுக்கொண்டவன்தான். ஆயினும் நம் சபைகளின் தமிழ்த் தகப்பனாருடைய வாழ்க்கையில் இப்படி ஒரு பக்கம் உண்டு என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் மறைப்பது நேர்மையாகாது. அருளப்பன் 1867இல் மறைந்தார். கிறிஸ்தியான்பேட்டையிலிருந்து கேரளத்துக்குப் போன சுவிசேஷகர்களால் அங்கும் விதை விழுந்தது. அந்த நூற்றாண்டின் இறுதியில் கும்பநாடு பகுதியில் பல சபைகள் எழும்பின. மலையாளத்தில் அழியாத பாடல்களை எழுதிய ஜெர்மானியர் ஃபோல்பிரெக்ட் நாகல் அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவர்.

இனி நம் பக்கம். கடலூர் சீர்திருத்தக் (புராட்டஸ்டண்ட்) கிறிஸ்தவத்துக்குப் புதிய இடமில்லை. தரங்கம்பாடி மிஷனின் கிளையாக 1737இல் இங்கே ஊழியம் தொடங்கியது. 1740இல் வந்த மிஷனரி கீர்நாண்டர், 1758இல் பிரெஞ்சுக்காரர் கடலூரைப் பிடிக்கும்வரை இங்கே இருந்து, பின்பு கல்கத்தாவுக்குப் போனார். நூறாண்டு கழித்து, சாதி வேறுபாட்டைச் சபைக்குள் சகித்துக்கொள்வதா என்ற விவாதத்தில் ஜெர்மானிய லுத்தரன் சங்கமான லைப்சிக் மிஷனோடு முரண்பட்டு விலகிய கார்ல் ஓக்ஸ் மேல்பட்டாம்பாக்கத்தில் வந்து அமர்ந்தார். 1860களில் டேனிஷ் மிஷன் அவரோடு கைகோத்தது. அதுவே உங்கள் ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் தொடக்கம். ஆகவே, பந்தியில் எல்லாரும் சமமாக அமர வேண்டும் என்பதற்காக ஒரு மனிதர் தம் சங்கத்தையே விட்டுவந்த வரலாறு உங்கள் பிறந்தவீட்டுச் சபைக்கும் உண்டு. புதுச்சேரியின் நிலை வேறு. 1954 நவம்பர் 1ஆம் தேதி ஆட்சி கைமாறும்வரை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த அந்நகரில் கத்தோலிக்க சபையே மேலோங்கி இருந்தது. பாண்டிச்சேரி உயர்மறைமாவட்டம் 1886இல் உருவானது. கடலூரின் பெயரும் சேர்ந்தது 1953இல்.

இந்தப் பின்னணியில் பிரதரன் சபைகள் இங்கே பெரிய மிஷன் வளாகங்களோடு வரவில்லை. வேலைக்கு வந்தவர்கள் வழியாக வந்த சபைகள் பல. நெய்வேலியில் 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கியபின் தென் மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் குடும்பங்கள் வந்தன. புதுச்சேரி ஜிப்மர் போன்ற மருத்துவமனைகளுக்கு மலையாளிச் செவிலியர் வந்தார்கள். ஆசிரியர்களும் ரயில்வே ஊழியர்களும் மாற்றலாகி வந்தார்கள். இவர்களில் விசுவாசக் குடும்பங்கள் இரண்டு மூன்று சேர்ந்தால், ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வீட்டு முன்னறையில் பாய் விரித்து அப்பம் பிட்பார்கள். அந்த முன்னறைதான் சபை. பிறகு யாராவது ஒரு சகோதரர் சைக்கிளில் கைப்பிரதிகளோடு பக்கத்துக் கிராமங்களுக்குப் போவார். முந்திரிக்கொல்லையில் கூலிவேலை செய்யும் ஒரு குடும்பம் இரட்சிக்கப்படும். அவர்கள் வீட்டுத் திண்ணையில் வாரம் ஒருநாள் ஜெபக்கூட்டம் நடக்கும். சில ஆண்டுகளில் கீற்றுக்கொட்டகை, அதன்பின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட கூடம். இந்த மாவட்டத்தில் எனக்குத் தெரிந்த கிராமச் சபைகள் பெரும்பாலும் இப்படித்தான் வளர்ந்தன. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரை கடந்தபோது அத்தகைய கூரைகள் பல பறந்துபோயின. பேராயமோ மறைமாவட்டமோ இல்லாததால், மேலிடத்துக்கு எழுதிப்போட்டுப் பணம் பெறும் வழி இவர்களுக்கு இல்லை. முந்திரி மரங்களையே இழந்து நின்ற விசுவாசிகள் தங்கள் கைப்பாட்டில் கட்டினார்கள். மற்றச் சபைகள் கேள்விப்பட்டு அனுப்பியது அதோடு சேர்ந்தது.

ஒவ்வொரு சபையும் தன்னாட்சி உடையது. கர்த்தருக்கு நேராகக் கணக்குக் கொடுக்கும். மூப்பர்கள் பலர் இருப்பார்கள், தனி ஒருவர் தலைமை கிடையாது. 1 தீமோத்தேயு 3ஆம் அதிகாரமும் தீத்து 1ஆம் அதிகாரமும் சொல்லும் தகுதிகளே அவர்களுக்கு அளவுகோல். மூப்பர் ஒருவர் வார நாட்களில் மளிகைக்கடை வைத்திருக்கலாம், கரும்பு வெட்டலாம், பள்ளியில் பாடம் நடத்தலாம். முழுநேர ஊழியர்களும் உண்டு. அவர்களுக்கு மாதச் சம்பளம் இல்லை. விசுவாசிகள் மனமுவந்து கொடுப்பதை வைத்துப் பிழைக்கிறார்கள். ‘எனக்குத் தேவை இருக்கிறது’ என்று கேட்பதில்லை. இதை அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த வழி மேன்மையானது, ஆனால் சபைகள் தங்கள் கடமையை மறந்தால் ஊழியரின் மனைவியும் பிள்ளைகளும் பட்டினி கிடக்க நேரும். கேட்காதவருக்குக் கேட்காமலே கொடுக்க வேண்டும் என்பதை நம் சபைகள் இன்னும் நன்றாகக் கற்க வேண்டியிருக்கிறது. காணிக்கையும் விசுவாசிகளிடமிருந்து மட்டுமே. சுவிசேஷக் கூட்டத்துக்கு வரும் இந்துக்களிடமோ பிறரிடமோ பை நீட்டுவதில்லை. ‘புறஜாதியாரிடத்தில் ஒன்றும் வாங்காமல்’ என்ற 3 யோவான் 7ஆம் வசனம் இதற்கு ஆதாரம்.

நீங்கள் பின்வரிசையிலிருந்து பார்த்த ஞாயிறு காலைக் கூட்டத்தை இப்போது விளக்குகிறேன். நடுவில் ஒரு சிறு மேசை, வெள்ளை விரிப்பு, அதன்மேல் வெட்டப்படாத ஒரு முழு அப்பம், ஒரு பாத்திரம். சனிக்கிழமை மாலையே ஒரு சகோதரி உலர்ந்த திராட்சையை ஊறவைத்துக் காய்ச்சி வடிகட்டிய ரசம் அந்தப் பாத்திரத்தில் இருக்கும். மேசையைச் சுற்றி பந்தியில் சேர்ந்தவர்கள் அமர்வார்கள். நிகழ்ச்சி நிரல் கிடையாது. நீண்ட மௌனம். ஒரு சகோதரர் பாட்டின் எண்ணைச் சொல்வார், எல்லாரும் பாடுவார்கள். பல சபைகளில் இந்த வேளையில் வாத்தியம் இசைப்பதில்லை. மறுபடி மௌனம். நடவுக்கும் அறுப்புக்கும் போகிற ஒருவர் எழுந்து, ஏசாயா 53ஐத் திக்கித் திக்கி வாசித்து, ‘எங்களுக்காக நொறுக்கப்பட்டீரே’ என்று தொழுதுவிட்டு உட்காருவார். அவருக்குப் பின் பட்டதாரி ஒருவர் எழுந்தாலும், முதலில் எழுந்தவருடைய வார்த்தைகளுக்கு ‘ஆமென்’ சொன்ன பிறகுதான் எழுவார். தேவைகளைக் கேட்கும் ஜெபம் இங்கே இல்லை. அதற்கு வார நாளில் ஜெபக்கூட்டம் உண்டு. இங்கே நினைவுகூருதலும் ஆராதனையும் மட்டுமே. கடைசியில் ஒரு சகோதரர் நன்றி செலுத்தி அப்பத்தைப் பிட்டுக் கொடுக்க, அது கைக்குக் கை போகும்; பின்பு பாத்திரம். அப்போஸ்தலர் 20:7இல் சீஷர்கள் வாரத்தின் முதல்நாளில் அப்பம் பிட்கக் கூடினார்கள் என்பதால் ஒவ்வொரு ஞாயிறும் இது நடக்கும்.

லுத்தரன் போதனையில் அப்பத்தோடும் ரசத்தோடும் கிறிஸ்துவின் மெய்யான சரீரமும் இரத்தமும் இருப்பதாகக் கற்றிருப்பீர்கள். பிரதரன் சபையார் அவற்றை நினைவுச் சின்னங்களாகக் கொள்கிறார்கள். சின்னம் என்பதால் மதிப்புக் குறைவு என்று எண்ணிவிடாதீர்கள். அந்த ஒரு மணிநேரத்தை வாரத்தின் உச்சமாகக் கருதி, வெளியூர்ப் பயணத்தைக்கூட அதற்கேற்ப மாற்றிக்கொள்கிறவர்கள் பலர்.

மற்ற விசுவாசங்களில் பெரும்பகுதி உங்களுக்கு அந்நியமானவை அல்ல. திரித்துவம், வேதாகமத்தின் முழு அதிகாரம், கிருபையால் விசுவாசத்தின் மூலமாக மட்டுமே இரட்சிப்பு ஆகியவற்றில் நீங்களும் அவர்களும் ஒன்றே. வேறுபடும் இடங்கள் சில. மறுபடியும் பிறந்த அனுபவத்தை ஒவ்வொருவரும் சொந்தமாகச் சாட்சி சொல்ல வேண்டும் என்பார்கள். ஞானஸ்நானம் விசுவாசித்தவர்களுக்கு மட்டும், முழுக்காக மட்டும். கெடிலத்தில் தண்ணீர் ஓடும் மாதங்களில் ஆற்றிலும், மற்ற மாதங்களில் பம்ப்செட் தொட்டியிலும் கொடுப்பார்கள். மெய்யாக இரட்சிக்கப்பட்டவர் அந்த இரட்சிப்பை இழப்பதில்லை என்று யோவான் 10:28ஐக் கொண்டு போதிப்பார்கள். பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலானவை இதை ஏற்பதில்லை. கர்த்தர் முதலில் தம் சபையை எடுத்துக்கொள்ள ஆகாயத்தில் வருவார், பிறகு உபத்திரவ காலம், அதன்பின் பகிரங்க வருகை, ஆயிரவருட அரசாட்சி என்ற வரிசை டார்பியின் வழியாக இவர்களிடம் நிலைபெற்றது. துணியில் வரைந்த யுகங்களின் படத்தைச் சுவரில் தொங்கவிட்டு, எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமாருக்கும் தானியேலையும் வெளிப்படுத்தலையும் விளக்கும் வழக்கம் நம் கிராமங்களில் இருந்தது. கிறிஸ்துமஸை வேதம் கட்டளையிட்ட பண்டிகையாகக் கொள்வதில்லை; நகை விஷயத்தில் சபைக்குச் சபை வேறுபாடு உண்டு.

சகோதரிகள் முக்காடிட்டுக்கொள்வதையும், கூட்டத்தில் வாய்திறந்து ஜெபிக்காமலும் போதிக்காமலும் இருப்பதையும் கவனித்திருப்பீர்கள். 1 கொரிந்தியர் 11, 14ஆம் அதிகாரங்களை இவர்கள் எல்லாக் காலத்துக்கும் உரிய கட்டளையாக எடுத்துக்கொள்கிறார்கள். நானும் அந்த வசனங்களுக்குக் கீழ்ப்பட்டவன். ஆனால் சகோதரிகளின் வேத அறிவைப் பயன்படுத்த வேறு வழிகளை நாம் போதுமான அளவுக்குத் திறந்துவைக்கவில்லை என்பது என் துக்கம். கிராமத்தில் வீடு வீடாகப் போய் ஜெபித்து, ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு வசனம் மனப்பாடம் செய்வித்துச் சபையை நிலைநிறுத்தியவர்கள் பெரும்பாலும் சகோதரிகளே. சபை வரலாறு எழுதும்போது மூப்பர்களின் பெயர்களை மட்டும் எழுதுவது சரியில்லை.

பந்தியைப் பற்றிப் பேசும்போது சாதியைப் பேசாமல் இருக்க முடியாது. புதுச்சேரியில் மாதா கோயிலுக்குள் சாதிக்கிறிஸ்தவரையும் மற்றவரையும் பிரித்து நின்ற சுவர் 1745இல் இடிக்கப்பட்டதை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். 1833இல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை விடுத்தபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டே வெளியேறினார்கள். ஊர்த்தெரு, காலனி என்று பிரிந்து கிடக்கும் நம் மாவட்டத்துக் கிராமத்தில், தேநீர்க்கடையில் தனிக்குவளை வைத்திருந்த காலத்தில், இரு பக்கத்து மனிதரும் ஒரே பாத்திரத்தில் வாய்வைத்துக் குடித்தது பிரதரன் கூடங்களில் நடந்தது. ‘அந்த ஒரே அப்பத்தில் நாமெல்லாரும் பங்குபெறுகிறபடியால், அநேகரான நாம் ஒரே அப்பமும் ஒரே சரீரமுமாயிருக்கிறோம்’ என்ற 1 கொரிந்தியர் 10:17 எவ்வளவு விலை கேட்கும் வசனம் என்பதை, அந்தப் பாத்திரத்தை வாங்கிக் குடித்ததற்காக உறவினரால் தள்ளிவைக்கப்பட்ட முதியவர்களிடம் கேட்டு அறிந்தேன். கொரோனாவுக்குப் பின் பல சபைகள் சிறு கிண்ணங்களுக்கு மாறியிருக்கின்றன. சுகாதாரக் காரணம் எனக்குப் புரிகிறது. ஆனால் நம் மண்ணில் ஒரே பாத்திரத்துக்கு இருந்த சாட்சியை எளிதில் கைவிடக்கூடாது என்பதே என் எண்ணம். இதோடு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரே பாத்திரத்தில் குடிப்பவர்கள் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும்போது இன்றும் சாதி பார்க்கிறார்கள். மேசையில் அறிக்கையிட்டதை மணமேடையில் மறுதலிக்கிற இந்தப் பாவத்தை மூப்பர்கள் கண்டிப்பது அரிதாக இருக்கிறது. 1950ஆம் ஆண்டின் அரசாணைப்படி கிறிஸ்தவராகும் பட்டியல் சாதியார் பட்டியல் சாதிக்குரிய சலுகையை இழப்பதால், முழுக்கு எடுத்தும் சான்றிதழில் அதைக் காட்ட முடியாமல் மனம் வேகிற குடும்பங்களும் நம் சபைகளில் உண்டு. அவர்களை மாய்மாலக்காரர் என்று தூற்றுவோர் அந்தச் சட்டத்தின் சுமையைத் தாங்கள் சுமக்கவில்லை என்பதை நினைக்க வேண்டும்.

பட்டம் பெற்ற குரு இல்லாததால் நடைமுறைச் சிக்கல்களும் உண்டு. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி திருமணத்தை நடத்தவும் சான்று தரவும் அரசின் உரிமம் வேண்டும். வட்டாரத்தில் உரிமம் பெற்ற ஒரு சகோதரரைத் தேடிப்போய் நாள் குறிப்பார்கள். கல்லறைத் தோட்டம் இல்லாத சபைகளின் பாடு இன்னும் கடினம். எங்கள் சபை முதியவர் ஒருவர் மரித்தபோது, பக்கத்தில் இருந்த வேறொரு சபையின் தோட்டத்தில் இடம் மறுக்கப்பட்டு, ஊராட்சித் தலைவரைப் பார்த்துப் பொதுமயானத்தின் ஓரத்தில் இடம் பெறுவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. 1848இல் பிரதரன் சபைகள் இரண்டாகப் பிரிந்தன. தவறான போதகம் உள்ள இடத்திலிருந்து வருகிறவரைத் தனித்தனியாக விசாரித்து ஏற்கலாமா, அந்த இடத்தோடு தொடர்புள்ள எல்லாரையும் விலக்க வேண்டுமா என்பது சண்டை. டார்பியின் பக்கம் நின்றவர்கள் மூடிய சபையார் ஆனார்கள்; முல்லரின் பிரிஸ்டல் சபையோடு நின்றவர்கள் திறந்த சபையார். தமிழ்நாட்டில் பெரும்பாலானவை திறந்த பிரிவைச் சேர்ந்தவை, உங்கள் ஊர்ச் சபையும் அப்படித்தான் என்று நீங்கள் எழுதியதிலிருந்து தெரிகிறது. ஆனால் திறந்த சபைகளிலும் இரு வழக்கங்கள் உண்டு. மறுபிறப்பின் சாட்சி தெளிவாக இருந்தால் எந்தச் சபையிலிருந்து வந்தாலும் பந்தியில் சேர்ப்பவை சில. முழுக்கு ஞானஸ்நானம் பெற்றவரை, அல்லது வேறொரு பிரதரன் சபையின் சிபாரிசுக் கடிதத்தோடு வருபவரை மட்டும் சேர்ப்பவை பல. உங்கள் ஊர் இரண்டாவது வகை.

அவர்கள் நோக்கத்தை நியாயமாகச் சொல்ல வேண்டும். வருடத்தில் இரண்டு பண்டிகைக்கு மட்டும் வந்து, மனந்திரும்புதல் இல்லாமல் பந்தியில் கைநீட்டும் பழக்கத்தைப் பார்த்துப் பயந்தவர்கள் அவர்கள். ‘எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து’ என்ற 1 கொரிந்தியர் 11:28ஐ மிகுந்த பயத்தோடு வாசிக்கிறார்கள். உங்களை விசுவாசி இல்லை என்று அவர்கள் தீர்த்துவிடவில்லை. உங்கள் சாட்சியை இன்னும் கேட்கவில்லை, அவ்வளவே. கேட்காதது அவர்கள் பக்கத்துக் குறை என்றே நான் நினைக்கிறேன். புதிதாக வந்த மருமகளிடம் கூட்டம் முடிந்ததும் இரு வார்த்தை விளக்கிச் சொல்லியிருந்தால் நீங்கள் மனம் நொந்து வீடு திரும்பியிருக்க மாட்டீர்கள்.

என் சொந்த நிலைப்பாட்டையும் மறைக்க விரும்பவில்லை. 1836இல் இந்தியாவுக்குத் திரும்பும் நேரத்தில் குரோவ்ஸ் டார்பிக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒருவருக்கு எவ்வளவு ஒளி (வேத அறிவு) கிடைத்திருக்கிறது என்பதைப் பார்த்து ஐக்கியம் கொள்ளும் வழிக்கு டார்பி போய்க்கொண்டிருக்கிறார் என்றும், கிறிஸ்துவின் ஜீவன் ஒருவரில் இருந்தால் அதுவே ஐக்கியத்துக்குப் போதும் என்றும் அதில் எச்சரித்தார். அந்தக் கடிதத்தின் பக்கம்தான் நான் நிற்கிறேன். முழுக்கு ஞானஸ்நானம் கர்த்தருடைய கட்டளை என்று முழுமனதோடு நம்புகிறேன். நீங்கள் வேதத்தை ஆராய்ந்து அதற்கு வந்தால் மகிழ்வேன். ஆனால் பந்தியில் சேர்வதற்காக மட்டும், புகுந்த ஊரின் நெருக்கத்துக்காக மட்டும் தண்ணீரில் இறங்க வேண்டாம். ரோமர் 6ஆம் அதிகாரத்தை வாசித்து, மனச்சாட்சி அசைந்தால் இறங்குங்கள்.

இப்போதைக்கு நீங்கள் செய்யக்கூடியது இது. உங்கள் கணவரோடு சேர்ந்து மூப்பர்களில் ஒருவரை வார நாளில் அவர் வீட்டில் போய்ப் பாருங்கள். கூட்டம் முடிந்த அவசரத்தில் வேண்டாம். நீங்கள் எப்போது, எப்படிக் கர்த்தரை விசுவாசித்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். பந்தியைக் குறித்து அந்தச் சபையின் வழக்கம் என்ன, அதற்கு வேத ஆதாரம் என்ன என்று நேராகக் கேளுங்கள். கேள்வி கேட்பதை இந்தச் சபைகளில் யாரும் அவமதிப்பாக எடுத்துக்கொள்வதில்லை; பெரோயா பட்டணத்தார் தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்ததை மேற்கோள் காட்டியே வளர்ந்தவர்கள் அவர்கள். ஞாயிறு மாலைச் சுவிசேஷக் கூட்டமும் வார நாள் வேத ஆராய்ச்சியும் எல்லாருக்கும் திறந்தவை, அவற்றில் பின்வரிசை முன்வரிசை இல்லை. மேல்பட்டாம்பாக்கத்திலோ நெல்லிக்குப்பத்திலோ உங்கள் தாய்ச்சபையின் இராப்போஜனத்துக்கு மாதம் ஒருமுறை போய்வருவதை உங்கள் கணவர் தடுக்கவில்லை என்றால், முடிவு தெளியும்வரை அதையும் விட்டுவிடாதீர்கள். மூப்பர் என்ன சொன்னார் என்பதை எழுதுங்கள். அவர் காட்டும் வசனங்களை வைத்து மேற்கொண்டு பேசுவோம்.